கரடியின் மேல் போய் விழாதீர்கள்: வன்னிக் காட்டோரம் நாங்கள் விடும் பிழைகள்

வைகாசி கடைசியில் பாலை மரம் பழுக்கத் தொடங்கும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மாங்குளம், மடு என்று வட இலங்கையின் வன்னியில் எங்கள் பக்கத்துச் சனம் வாளியும் சாக்கும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கும் காலம் அது. பழத்தை வீதியோரம் வைத்து விற்றால் அன்றைக்குக் கையில் காசு இருக்கும். அதே பழத்துக்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கும் இன்னொரு சீவனும் அந்தக் காட்டில் இருக்கிறது.

என் பெரியப்பாவுக்கு இடது கண் இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் தோல் இழுத்துத் தைத்த அடையாளம். சின்ன வயதில் நான் பயந்து பயந்துதான் அவரைப் பார்ப்பேன். கரடி கடித்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் சொல்லுவது வேறு: "அது என்னைத் தேடி வரேல்லை தம்பி. நான்தான் அதின்ர மேல போய் விழுந்தனான்."

காட்டோரம் வாழ்கிறவர்கள் கரடியைப் பற்றி விளங்கிக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது. கரடி மனிதரைத் தின்பதற்காகத் தாக்குவதில்லை. அதன் சாப்பாடு கறையான், எறும்பு, தேன், பாலைப்பழம், வீரைப்பழம். மேல்வாயில் நடுவில் இரண்டு முன்பல் இல்லாதபடியால், புற்றைக் கிளறி அந்த இடைவெளியால் கறையானை உறிஞ்சி எடுக்கும். அந்தச் சத்தம் தூரத்துக்கே கேட்கும். தலை புற்றுக்குள், காதுக்குள் தன்னுடைய உறிஞ்சல், பார்வையும் கூர்மையில்லை. மூக்கு மட்டும்தான் அபாரம். காற்று எதிர்ப்பக்கம் வீசினால் நீங்கள் பத்தடிக்குள் வந்து நிற்கும் வரைக்கும் அதற்குத் தெரியாது. தெரிகிற அந்தக் கணத்தில் அது ஓடுவதா அடிப்பதா என்று யோசிக்காது. சிறுத்தையோடு ஒரே காட்டில் சீவித்த மிருகம். முன்னுக்கு வந்து அடித்துத்தான் பழக்கம். அடி விழுவது முகத்திலும் தலையிலும்.

அதனால் முதற்பிழை, சத்தமில்லாமல் நடப்பது. வேட்டைக்காரரைப் பார்த்துப் பழகின பழக்கம் இது. பழம் ஆயப் போகிறவருக்கும் விறகுக்குப் போகிறவருக்கும் மாடு தேடிப் போகிறவருக்கும் அது தேவையில்லை. கதைத்துக்கொண்டு போங்கள். கோடரிப் பிடியால் மரத்தில் தட்டுங்கள். பாதை திரும்புகிற இடத்திலும் பற்றை நெருங்கின இடத்திலும் ஒருமுறை செருமிவிட்டுப் போங்கள். காற்று உங்கள் முகத்தில் அடித்தால் இன்னும் கொஞ்சம் பலத்த சத்தம் வேண்டும், ஏனென்றால் உங்கள் மணம் முன்னுக்குப் போகாது. இப்போதைய பெடியள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போவதைப் பார்க்க எனக்கு வயிறு கலங்குகிறது. கரடி கேட்காமல் நிற்கும்போது நாங்களும் கேட்காமல் போனால் இரண்டு பேரும் முட்டுவதைத் தவிர வேறு என்ன நடக்கும்?

காட்டு வாசலில் குழை முறித்துப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டுப் போகும் வழக்கம் எங்கள் பெரியவர்களிடம் இருந்தது. நம்பிக்கை அவரவருடையது. ஆனால் அந்த ஒரு நிமிஷம் நின்று, காற்று எந்தப் பக்கம், குருவிகள் என்ன சத்தம் போடுகின்றன என்று கவனிக்க அது இடம் கொடுத்தது. அந்த நிற்பை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது பிழையைத்தான் பெரியப்பா விட்டார். பாலை மரத்தடியில் கொப்புகள் முறிந்து விழுந்து, பழம் கொட்டிக் கிடந்தது. குனிந்து பொறுக்கத் தொடங்கிவிட்டார். அந்தக் கொப்புகளை முறித்தது காற்றல்ல. கரடி மரமேறி, கொப்பை இழுத்து முறித்து, பழத்தைத் தின்னும். பழக்காலத்தில் பகலிலும் மரத்தில் இருக்கும். அவர் நின்றது அது இறங்க வேண்டிய ஒரே வழியில். ஆகையால், பச்சைக் கொப்பு முறிந்து கிடந்தால் பழத்தைப் பார்க்கமுன் அண்ணாந்து பாருங்கள். மரத்தண்டில் புது நகக்கீறல், அடியில் ஈரமண்ணோடு கிளறின புற்று, பழக்கொட்டை நிறைந்த எச்சம், இவற்றில் ஒன்று கண்டாலும் வந்த வழியே திரும்புங்கள். அந்த மரம் அன்றைக்கு உங்களுடையதல்ல.

மற்றவர்களை முந்தவேண்டும் என்று விடியமுன் தனியே வெளிக்கிடுவதும் பிழைதான். கரடி பெரும்பாலும் இரவில் திரியும், விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் மேய்ச்சலை முடித்துக்கொண்டோ தொடங்கிக்கொண்டோ நிற்கும். வெயில் நன்றாக ஏறினபிறகு மூன்று நான்கு பேராகப் போங்கள். எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். காட்டுக்குள் போனில் சிக்னல் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

நாயைக் காவலுக்குக் கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். காட்டில் நன்றாகப் பழகின நாய் என்றால் சரி. பழகாத நாய் கரடியைக் குலைத்துச் சூடேற்றிவிட்டுத் திரும்பி எசமானின் காலுக்குள் ஓடிவரும். பின்னாலேயே கரடியும் வரும்.

குட்டியைக் கண்டால் நின்று போனை எடுக்கிற பழக்கம் ஒன்று இப்போது வந்திருக்கிறது. எங்கள் காட்டுக் கரடி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். குட்டி தனியே நிற்கிறது என்றால் தாய் உங்களுக்குத் தெரியாத பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.

சரி, முட்டிவிட்டது என்றால்?

ஓடாதீர்கள். அதன் நடையைப் பார்த்தால் தள்ளாடுவது போலத் தெரியும், ஆனால் மனிதரைவிடக் கெதியாய் ஓடும். தூரத்தில் நிற்கிறது, உங்களைக் காணவில்லை என்றால் சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். கண்டுவிட்டது என்றால் மெதுவாகக் கதைத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல், பின்னால் பின்னால் போய் வழியை விடுங்கள். கல்லெறியாதீர்கள். அது இரண்டு காலில் எழும்புவது பெரும்பாலும் யார் என்று பார்க்கவும் மணம் பிடிக்கவும்தான்.

பாலர் வகுப்பில் எல்லோரும் படித்த கதை ஒன்று உண்டு. இரண்டு நண்பர்கள், ஒருவன் மரத்தில் ஏறிவிட்டான், மற்றவன் செத்தவன் போலக் கிடந்தான், கரடி மணந்து பார்த்துவிட்டுப் போனது. அந்தக் கதையை நம்பி மரத்தில் ஏறாதீர்கள். தேனுக்காக எத்தனை உயரமும் ஏறுகிற மிருகம் இது. கிடப்பது சரி, ஆனால் மல்லாக்கக் கிடக்கக்கூடாது. கரடி உங்கள் மேல் பாய்ந்துவிட்டது என்றால் குப்புற விழுந்து, முகத்தை மண்ணில் புதைத்து, இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொள்ளுங்கள். முதுகில் பை இருந்தால் கழற்றாதீர்கள். புரட்டினால் மறுபடி குப்புற வாருங்கள். பெரும்பாலும் பயம் தீர்ந்ததும் விட்டுவிட்டுப் போகும். போன உடனே எழும்பாதீர்கள், அது தூரமாகும் வரைக்கும் கிடவுங்கள். கூட வந்தவர்கள் சிதறி ஓடாமல் ஒன்றாக நின்று கத்தினால் அது விட்டுவிடவும் கூடும்.

பன்றிக்கு என்று வைக்கிற சுருக்குக் கம்பியையும், தட்டுப்பட்டால் தானே வெடிக்கும்படி கட்டி வைக்கிற கட்டுத்துவக்கையும் பற்றி ஒரு வார்த்தை. கம்பி பன்றியைத்தான் பிடிக்கும் என்று யார் சொன்னது? அதில் கரடியும் சிறுத்தையும் மாட்டும். அறுத்துக்கொண்டு போன காயப்பட்ட கரடி அடுத்த நாள் விறகுக்குப் போகிற பெண்ணின் முன்னால் வரும். கட்டுத்துவக்கு அந்தப் பெண்ணின் காலையே உடைக்கும். சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம். இலங்கைக் காடுகளில் கரடி மொத்தம் 1,000க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கலாம் என்ற கணிப்பு இன்னொரு பக்கம்.

"இது எங்கட காணிதானே"

இந்தப் பிழையை வன்னியில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். போரால் இடம்பெயர்ந்து, அது முடிந்த 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் கண்டது தங்கள் வளவைக் காடு மூடிக் கிடந்ததை. கிணற்றடியில் பற்றை, வயலில் மரம், பழைய மண்பாதையில் யானைத்தடம். மனதில் இருக்கிற ஊர் வேறு, நிலத்தில் இருக்கிறது வேறு. அப்பாவின் காலத்தில் மாடு சாய்த்துப் போன பாதைதானே என்று கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறோம். அந்தப் பாதையை இத்தனை வருஷம் பாவித்தவை வேறு சீவன்கள். இன்னும் துப்புரவாக்காத காணிக்குள் இறங்கமுன், எல்லையிலிருந்து பகலில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வெளிச்சமாக்கிக்கொண்டு போங்கள். கட்டில்லாத பாழ்கிணற்றைச் சுற்றி வேலி போடுங்கள், மனிதருக்காகவும் மிருகத்துக்காகவும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, திரும்பி வந்துவிடுங்கள்.

ஊருக்குள் ஒரு மிருகம் வந்துவிட்டால் கூட்டம் கூடுவதும் இதோடு சேர்ந்த பிழைதான். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை ஊருக்குள் வந்தது. பலர் காயப்பட்டார்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தைச் சேர்ந்த ஒருவரும் அதில் அடக்கம். கடைசியில் சனம் அதை அடித்துக் கொன்றது, பிறகு கைதுகளும் நடந்தன. நாலு பக்கமும் ஆள் நின்றால் மிருகத்துக்குப் போக வழி எது? ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வீட்டுக்குள் ஏற்றி, திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி எண்ணுக்கு எடுங்கள்.

யானை

கரடியைவிட யானையால் சாகிறவர்கள்தான் அதிகம். அண்மைய வருஷங்களில் நாடு முழுக்க ஒவ்வொரு வருஷமும் 100க்கு மேற்பட்டவர்கள் செத்திருக்கிறார்கள். 2022இலும் 2023இலும் செத்த யானைகள் ஒவ்வொரு வருஷமும் 400க்கு மேல். 2011 கணக்கெடுப்பில் இருந்ததே 5,879 யானைதான்.

இதில் மிகப் பெரிய பிழை, பொழுதுபட்ட பிறகு வெளிச்சமில்லாமல் திரிவது. தவறணையில் இருந்து வருகிறவர், வயலில் இருந்து சைக்கிளில் திரும்புகிறவர், விடியமுன் பால் கொண்டு போகிறவர். இருட்டில் யானை நிற்பது தெரியாது. அத்தனை பெரிய உடம்பு சத்தமே இல்லாமல் நிற்கும். நல்ல ரோர்ச் லைட் ஒன்று வேண்டும், குளக்கட்டிலும் பற்றை மூடின ஒழுங்கையிலும் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

அறுத்த நெல்லைப் படுக்கிற அறையில் அடுக்குவது அடுத்த பிழை. யானை சுவரைத் தள்ளுவது நெல் மணத்துக்குத்தான், சுவரின் மறுபக்கம் பிள்ளை படுத்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நெல்லைக் கெதியாய் விற்க முடியாவிட்டால், படுக்கிற இடத்துக்குத் தள்ளியாவது வையுங்கள். உப்பும் அப்படித்தான்.

யானை வெடியைக் கிட்ட வைத்துக் கொளுத்தாதீர்கள். தூரத்தில் நிற்கும்போது, அது போக வழி இருக்கும் பக்கத்தைப் பார்த்து மட்டும் பாவியுங்கள். ஒவ்வொரு நாளும் வெடி கேட்ட அலியன் (கொம்பில்லாத ஆண் யானை) வெடிக்குப் பயப்படுவதை விட்டுவிடும், கோபம் மட்டும் மிஞ்சும். வீட்டுக் கரண்டை நேரே கம்பிக்குக் கொடுக்கிறவர்களிடம் நான் கையெடுத்துக் கேட்கிறேன், செய்யாதீர்கள். சரியான மின்வேலி ஒரு நொடிக்குள் அடித்து விடுகிறது, பிடித்து வைப்பதில்லை. நேர்க்கரண்ட் பிடித்தால் விடாது. அதில் சாவது யானை மட்டுமல்ல, வரம்பில் வருகிற பக்கத்து வயல்காரரும்தான். 2020இல் பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு தயாரித்த தேசியத் திட்டம் ஊரையும் வயலையும் சுற்றி, சனமே பராமரிக்கிற வேலியைத்தான் முன்வைத்தது. வேலி போட்டுவிட்டு அதன் கீழ்ப் புல்லை வெட்டாமல் விட்டால் புல் பட்டுக் கரண்ட் இறங்கிவிடும். முறை வைத்து நடந்து பார்க்கிற நாலு பேர் இருக்கிற ஊரில்தான் வேலி நிற்கிறது.

பாம்பும் முதலையும்

கண்ணாடி விரியனை எங்கள் பக்கத்தில் புடையன் என்போம். அறுவடைக்காலத்தில் வயலில் எலிக்காக வரும். வெறுங்காலோடு வரம்பில் நடப்பதும், வைக்கோலைக் கையால் அள்ளுவதும் பிழை. காவற்கொட்டிலில் நிலத்தில் படுக்கிறவரைக் கட்டுவிரியன் இரவில் கடிக்கும். நோவே தெரியாமல் இருக்கலாம். விடிய வயிற்று வலி, கண்ணிமை தூக்க முடியாமல் விழும். பரணில் படுங்கள், முடியாவிட்டால் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே செருகிப் படுங்கள்.

கடித்தபிறகு கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கெடுதல். மோதிரம், காப்பைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நோவுக்கு அஸ்பிரின் கொடுக்காதீர்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டு போகவும் தேவையில்லை. இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே வைத்தியர்கள் புடையன் விஷத்தைக் கண்டுபிடிப்பார்கள். பரியாரியாரிடம் முதலில் போய் இரண்டு மணித்தியாலம் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

குளத்தில் தினமும் ஒரே துறையில், ஒரே நேரத்தில் குளிப்பதை மாற்றுங்கள். முதலை பார்த்துப் பழகும். மீனைக் கரையில் வெட்டிக் குடலைத் தண்ணீரில் எறிகிற இடத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள். கோடையில் குளம் வற்றும்போது மிஞ்சின மடுவில்தான் எல்லாம் சேரும்.

காயப்பட்டால்

கரடி கிழித்த காயத்தில் தோல் தொங்கினால் வெட்டாதீர்கள், பிய்க்காதீர்கள். அதை வைத்துத்தான் வைத்தியர்கள் முகத்தைத் தைப்பார்கள். துப்புரவான துணியால் மூடி அழுத்திப் பிடியுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், சாம்பல் எதுவும் வேண்டாம். இரத்தம் நின்றிருக்கிற சின்னக் கீறல் என்றால் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் வைத்து 15 நிமிஷம் கழுவுங்கள். வீதிக்குக் கொண்டு வந்ததும் 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆஸ்பத்திரியில் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியையும் ஏற்பு (டெட்டனஸ்) ஊசியையும் கேளுங்கள். நாய்க்கடிக்குத்தான் நீர்வெறுப்பு ஊசி என்று நினைத்துப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், காட்டு மிருகக் கடிக்கும் அது வேண்டும். எத்தனை ஊசி என்று சொன்னார்களோ அத்தனையும் திகதி தவறாமல் போட்டு முடியுங்கள்.