ஏற்காட்டில் நடக்கப் போகிறீர்களா? முதலில் ஏற்றத்தை யோசியுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளியூர் நீர்வீழ்ச்சிக்கு இறங்குகிற பாதையின் தொடக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மணி பதினொன்றரை. எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம் வந்தது. அதில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, இடுப்பில் குழந்தையோடு அவருடைய மருமகள். கீழேயிருந்து ஏறி வந்த ஒருவரிடம் மகன் "எவ்வளவு தூரங்க?" என்று கேட்டார். வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே "பக்கந்தாங்க" என்றார். அவ்வளவுதான், எட்டுப் பேரும் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் அந்த அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காலைக் கீழே வைக்கிறார், இடது காலையும் அதே படியில் கொண்டுவந்து சேர்க்கிறார், ஒரு நொடி நிற்கிறார், அப்புறம்தான் அடுத்த படி. பல வருடங்களுக்கு முன்னால் என் அத்தையும் இதே பாதையில் இப்படித்தான் இறங்கினார். அவரைக் கூட்டிப்போனது நான்தான்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தண்ணீர் எடுத்துப் போங்கள், வழுக்கும் செருப்பு வேண்டாம், குப்பை போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நான் செய்து பட்டுத் தெரிந்துகொண்ட தவறுகளும், சேலத்திலிருந்து மலைக்குப் போகும்போதெல்லாம் புதிதாக வருபவர்கள் செய்யப் பார்க்கிற தவறுகளும் மட்டும் இங்கே.

திரும்பி ஏறுவதைக் கணக்கில் எடுக்காமல் இறங்குவது

மலை என்றால் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம் என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. பழனிக்குப் போனாலும் சரி, நம் பக்கத்துக் கஞ்சமலைக்குப் போனாலும் சரி, பாதி ஏறும்போதே உடம்பு சொல்லிவிடும். முடியாவிட்டால் திரும்பி இறங்கிவிடலாம். ஏற்காட்டில் இது தலைகீழ். பஸ்ஸோ காரோ 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உங்களை இறக்கிவிட்டுவிடுகிறது. கஷ்டமான வேலை முடிந்துவிட்டதாக ஒரு எண்ணம் வந்துவிடும். ஆனால் ஊரே மேட்டில் இருக்கிறது. அதனால் அருவிக்கோ பள்ளத்தில் இருக்கும் சிற்றூர்களுக்கோ நடந்தால் இறக்கத்தில்தான் தொடங்க வேண்டும். காற்று குளுகுளுவென்று இருக்கிறது, மூச்சு வாங்குவதில்லை, வியர்ப்பதுகூடத் தெரிவதில்லை. பேசிக்கொண்டே எவ்வளவு ஆழம் இறங்கினோம் என்று யாரும் பார்ப்பதில்லை. பசியெடுத்து, தண்ணீர் தீர்ந்து, வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் ஏற்றம் ஆரம்பிக்கிறது.

சென்னையிலிருந்து வந்த என் நண்பர்கள் இருவர், தினமும் காலையில் கடற்கரையில் 5 கிலோமீட்டர் நடக்கிறவர்கள், நல்ல திடமான ஆட்கள். அவர்களும் இதே இடத்தில்தான் தவறினார்கள். கடற்கரையில் போன தூரம் எவ்வளவோ, வருகிற தூரமும் அதேதான், உழைப்பும் ஏறக்குறைய அதேதான். அந்தப் பழக்கத்தில் கிலோமீட்டரை மட்டும் கேட்டுவிட்டு இறங்கினார்கள். மலையில் கிலோமீட்டர் பாதிக் கணக்குத்தான். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார், இன்றைக்கும் நடப்பவர்கள் அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏற வேண்டிய ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதாவது 100 மீட்டர் ஏற்றம் 10 நிமிடத்தைக் கூட்டும். இது நடந்து பழகியவர்கள் எங்கும் உட்காராமல் போகிற கணக்கு. குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் நான் இரண்டு மடங்காக வைத்துக்கொள்வேன். 100 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட முப்பது மாடி, லிப்ட் கிடையாது.

இன்னொன்று, இறங்கும்போது மூச்சு வாங்காவிட்டாலும் கால் உழைத்துக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முன்னால் சாயாமல் தொடைத் தசை பிரேக் பிடிக்கிறது, முட்டியில் பாரம் விழுகிறது. அந்த வலி அப்போது தெரியாது. தொடை பிடித்துக்கொள்வது மறுநாளோ அதற்கடுத்த நாளோதான். முட்டி ஏற்கெனவே தேய்ந்தவர்களுக்கு இறக்கத்திலேயே சேதம் ஆகிவிடுகிறது, ஏறத் தொடங்கும்போதுதான் தெரிய வருகிறது.

என் அத்தைக்கு அப்படித்தான் ஆயிற்று. கீழே அருவியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "உங்க மாமா இருந்திருந்தா..." என்றார். கிளம்பி இருபது படிகூட ஏறியிருக்க மாட்டோம், ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. வலது முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீ போய் வண்டிய எடுத்துட்டு வா கண்ணு, நான் இங்கயே இருக்கேன்" என்றார். வண்டி அங்கே வராது. அதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. தோட்ட வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் தோள்கொடுக்க, நாலு படிக்கு ஒரு தடவை நின்று நின்று மேலே வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆனது. அதன்பிறகு நான்கு மாதம் அவரால் தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவர். எனக்கு இன்னமும் உறுத்துவது அதுதான்.

ஆகவே "பக்கந்தாங்க" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. சொல்பவரைக் குற்றம் சொல்ல முடியாது, தூரத்தைக் கேட்டால் தூரத்தைத்தான் சொல்வார். "ஏறி வர உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுங்க?" என்று கேளுங்கள். அதற்கு வருகிற பதில் வேறாக இருக்கும்.

நான் இப்போது செய்வது இது. கூட வருபவர்களில் யாருக்கு நடை மிகவும் சிரமமோ அவரோடு ஐம்பது படி இறங்குவேன். அங்கேயே திரும்பி, அதே ஐம்பது படியை ஏறச் சொல்வேன். பேசிக்கொண்டே ஏற முடிந்தால் மேற்கொண்டு போகலாம். பேச்சு அறுந்து அறுந்து வந்தால் அவருக்கு அன்றைக்கு அந்தப் பாதை வேண்டாம். பாட்டிலில் பாதித் தண்ணீர் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும், அருவி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. அன்றைக்கு அந்தக் குடும்பத்தின் பின்னாலேயே ஓடிப்போய் இதைச் சொன்னேன். மகனுக்குப் பிடிக்கவில்லை. அந்த அம்மாதான் நின்று, திரும்பி, ஏறிப் பார்த்தார். மேலே வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் டீக்கடையில இருக்கேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டார்.

கோடை விழாவுக்கு வந்துவிட்டு அருவியைத் தேடுவது

கிளியூர் அருவி சுமார் 300 அடி உயரம்தான், ஆனால் ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால்தான் அதில் நல்ல தண்ணீர். கோடை விழா நடக்கிற மே மாதத்தில் பெரும்பாலும் பாறையைத்தான் பார்ப்பீர்கள். வடகிழக்குப் பருவமழை பெய்த பிறகு வாருங்கள்.

காபித் தோட்டத்துக்குள் குறுக்கு வழி

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்ததிலிருந்து மலையின் பெரும்பகுதி தோட்டங்களாகத்தான் இருக்கிறது. சாலையிலிருந்து பார்த்தால் உள்ளே போகும் ஒற்றையடிப் பாதை அடுத்த சாலையில் போய்ச் சேரும் என்றே தோன்றும். சேராது. அது பழம் பறிக்கிறவர்களுக்காகப் போட்ட பாதை, ஏதோ ஒரு வரிசையின் நடுவில் நின்றுவிடும். ஆள் உயரத்துக்குக் காபிச் செடி, அதற்கு மேலே மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. மலை மடிப்புகளில் போன் சிக்னலும் விட்டுவிடும்.

தரையையும் சொல்ல வேண்டும். சில்வர் ஓக்கின் காய்ந்த இலை, மேலே பழுப்பு, அடியில் வெள்ளி நிறம், சரிவில் கணுக்கால் அளவு குவிந்து கிடக்கும். பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். காலை வைத்தால் ஒன்றின் மேல் ஒன்றாகச் சறுக்கி, காகிதக் கட்டின் மேல் நின்றது போல இழுத்துக்கொண்டு போகும். மழை பெய்த செம்மண்ணைவிட எனக்கு இதில்தான் பயம் அதிகம்.

அப்புறம், அது ஒருவருடைய தோட்டம். மார்ச், ஏப்ரலில் முதல் மழைக்குப் பிறகு காபி பூக்கும். கிளை முழுக்க வெள்ளையாக, மல்லிகை வாசனையோடு, சில நாள்தான் இருக்கும். அந்த நேரத்தில் படம் எடுக்கச் செடிகளுக்கு நடுவே புகுந்தால் நீங்கள் உரசி உதிர்க்கிற ஒவ்வொரு பூவும் அவர்களுக்கு ஒரு பழம். கேட்டில் ஆள் இருந்தால் கேளுங்கள், பலர் விடுவார்கள். இல்லையென்றால் சாலையோரமாகவே நடங்கள், அந்த வாசனை சாலை வரைக்கும் வரும்.

சாயங்கால வெளிச்சத்தை நம்புவது

டிசம்பரில் ஆறு மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். மரங்களுக்கு அடியில் ஐந்தரைக்கே இருட்டு. நம் ஊர்ப் பக்கம் அந்தி நீளாது, அரை மணியில் எல்லாம் முடிந்துவிடும். நாலரைக்கு ஒரு நடை தொடங்கினால் அது லேடீஸ் சீட் காட்சிமுனை போல சாலையை ஒட்டிய இடமாக இருக்கட்டும். அங்கே இருட்டினால் நல்லதுதான், கீழே சேலம் முழுவதும் விளக்குகளாகத் தெரியும். பஸ்ஸில் வந்தவர்கள் காலையில் இறங்கும்போதே கடைசி பஸ் எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

காட்டெருமையைப் படம் எடுப்பது

வேண்டாம். வந்த வழியே, ஓடாமல், பின்வாங்குங்கள்.

குரங்கு பார்க்கும்போது பையைத் திறப்பது

இதுவும் வேண்டாம்.

பெரியவர்களைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டுப் போவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு யாராவது இப்படிச் செய்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அத்தைக்கு முட்டி போன பிறகு நான் செய்ததும் இதுதான், ஒரு வருடம் அவரை மலைக்கே கூட்டிவரவில்லை. ஏற்காட்டில் ஏற்றம் அதிகமில்லாத நடைகளும் இருக்கின்றன. ஏரிக்கரையோரம் மெதுவாக நடக்கலாம். லேடீஸ் சீட் பக்கம் நடந்தால், வானம் தெளிவாக இருக்கிற நாளில் மேட்டூர் அணை வரை தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது சேர்வராயன் கோயில். மலையின் உச்சியே அதுதான், 5,326 அடி. ஆனால் வண்டி மேலே வரை போகும், போய் இறங்கினால் பரந்த புல்வெளி, கிட்டத்தட்ட சமதளம். கோயில் ஒரு குகை, தலை குனிந்துதான் உள்ளே போக வேண்டும், சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள், அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று நம்பிக்கை. ஒன்றே ஒன்று, ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை கட்டும். மின்னலுக்கு ஒதுங்க அந்தப் புல்வெளியில் இடமில்லை, அதனால் காலையிலேயே போய்விட்டு வண்டிக்குத் திரும்பிவிடுங்கள்.

அத்தை இப்போது வருடத்துக்கு இரண்டு தடவையாவது அங்கே வருகிறார். குகைக்குள் குனிய முட்டி விடுவதில்லை, வாசலில் நின்று கும்பிடுவார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புல்லில் நடப்பார். போன தடவை ஒரு மணி நேரம் நடந்தார்.