இன்டர்கூலரில் தேங்கும் தண்ணீர்: இஜிஆர் உள்ள டர்போ எஞ்சினில் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர். அதன் கீழ் ஹோஸைக் கழற்றியதும் தண்ணீர் கொட்டினால் பலரும் முதலில் சந்தேகப்படுவது எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைத்தான். ஹெட்டைக் கழற்றும் முன் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுங்கள். பல வண்டிகளில் அது இஜிஆர் (புகையின் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு) வழியாகத் திரும்பி வந்த புகையின் ஈரம்.

ஒரு லிட்டர் டீசலோ பெட்ரோலோ எரிந்தால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. அது சைலன்சர் வழியே போய்விட்டால் தொல்லை இல்லை. இஜிஆர் அதில் ஒரு பங்கைக் குளிரவைத்து மறுபடி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. எந்த வெப்பநிலைக்குக் கீழே ஆவி நீராகத் தொடங்குகிறதோ, அதுவே பனிநிலை. பெட்ரோல் எஞ்சின் புகையில் சுமார் 13 சதவீதம் நீராவி இருப்பதால் அதன் பனிநிலை ஏறக்குறைய 51 டிகிரி செல்சியஸ். டீசலில் காற்று மிகுதி என்பதால் லோடைப் பொறுத்து இது 30 முதல் 45 டிகிரிக்குள் மாறும்.

எந்த வகை இஜிஆர் என்று பாருங்கள்

டர்போவில் புகையால் சுழலும் பகுதி டர்பைன், காற்றை அழுத்தும் பகுதி கம்ப்ரசர். ஹைபிரஷர் இஜிஆர் டர்பைனுக்கு முன் புகையை எடுத்து, பெரும்பாலும் இன்டர்கூலருக்குப் பின் விடுகிறது. அங்கே புகை கம்ப்ரசரையோ இன்டர்கூலரையோ தொடாது. ஈரம் சேர்ந்தால், புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலரிலும் வால்விலும் கரியோடு குழைந்து பிசினாக ஒட்டும்.

லோபிரஷர் இஜிஆர் டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தாண்டிய புகையை எடுத்து கம்ப்ரசருக்கு முன்னால் கலக்கிறது. தண்ணீர்த் தொல்லை அதிகம் இதில்தான். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் கம்ப்ரசர் சக்கரத்தில் துளி மோதினால் இறக்கைகளின் முன்விளிம்பு அரிக்கப்படும். அதைத் தாண்டினால் இன்டர்கூலர். பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தம், ஏறும்போது பனிநிலையும் ஏறுவதால், வெளியே நீராகாத ஆவி இங்கே எளிதில் நீராகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிக்காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம், இஜிஆர் 20 சதவீதம், டீசல் எஞ்சின் மிதமான லோடில். கலவையில் சுமார் 3.6 சதவீதம் நீராவி இருக்கும். கம்ப்ரசருக்கு முன், 1 பாரில், பனிநிலை 27 டிகிரி. கம்ப்ரசருக்குப் பின் மொத்த அழுத்தம் 2 பார் ஆனால் அது 39 டிகிரியைத் தாண்டுகிறது. இன்டர்கூலரிலிருந்து காற்று 30 டிகிரியில் வெளியேறினால், மணிக்கு 200 கிலோ காற்று ஓடும் எஞ்சினில் கணக்குப்படி மணிக்கு 1.8 லிட்டர் வரை நீராகலாம். அதில் பெரும்பங்கு மூடுபனிபோலக் காற்றோடு எஞ்சினுக்குள் போய்விடும். மிச்சம்தான் தாழ்வான மூலையில் தேங்குகிறது.

தண்ணீரைப் பிடித்துச் சோதியுங்கள்

எஞ்சின் ஆறிய பிறகு, கையுறை போட்டுக்கொண்டு, இன்டர்கூலரின் மிகத் தாழ்வான ஹோஸ் கிளாம்பைத் தளர்த்தி, சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். அளவைக் குறித்துவையுங்கள். கரி கலந்திருந்தால் வடிகட்டும் தாளில் வடித்த பிறகு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளை அதில் நனையுங்கள்.

4-க்குக் கீழே காட்டினால் அது புகையின் நீர். நைட்ரஜன் ஆக்சைடுகளும் கந்தக ஆக்சைடுகளும் கரைந்து அமிலமாகியிருக்கும். குறைந்த கந்தக டீசல் போட்டாலும் நைட்ரிக் அமிலம் வரும், அலுமினியத்தை அது அரிக்கும். 6, 7 என்று நடுநிலையாக இருந்தால் காற்றின் ஈரமோ மழை நீரோ ஆகலாம். 7.5-க்கு மேல், வழவழப்பு, நிறம், இனிப்பு வாடை என்றால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். வெண்ணெய்போலக் குழம்பாக இருந்தால் கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி அறை) மூச்சுக்குழாய் வழியே வந்த எண்ணெய் ஈரத்தோடு கலந்திருக்கிறது. உள்சுவரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு.

கூலன்ட் என்று சந்தேகம் வந்தால் இஜிஆர் கூலரைச் சோதிக்க வேண்டும். கூலன்ட் பாதையில் ரேடியேட்டர் மூடியில் குறித்துள்ள அழுத்தத்தை ஏற்றி 20 நிமிடம் விட்டு, அது இறங்குகிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒருமுறை, ஆறிய பின் ஒருமுறை என இரண்டும் செய்வது நல்லது. கூலருக்குள் இருக்கும் மயிரிழை விரிசல் ஒரு நிலையில் ஒழுகி மற்றொன்றில் மூடிக்கொள்ளும். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கக் கூடாது என்பதால், ஆறியிருக்கும்போதே அழுத்தம் ஏற்றும் பம்பை மாட்டிவிட்டு எஞ்சினைச் சூடாக்குங்கள்.

ஏன் இவ்வளவு நீராகிறது

முதலில் சென்சார்களைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரை இணைத்து, கூலன்ட், இன்டேக் காற்று, இஜிஆர் வெப்பநிலைகளைப் படியுங்கள். மூன்றும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் அதிகமாகக் காட்டினால், எஞ்சின் சூடாகிவிட்டதாக ஈசியு (எஞ்சினை இயக்கும் கணினி) எண்ணி இஜிஆரை முன்கூட்டியே திறந்துவிடும்.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது கூலன்ட் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அதிக கவனம் தர வேண்டும். நெடுஞ்சாலையில் 20 நிமிடம் ஓடிய பின்னும் கூலன்ட் 70 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது. இஜிஆர் கூலரில் ஓடுவதும் அதே கூலன்ட்தான். அதன் சுவர் பனிநிலைக்குப் பக்கத்தில் இருந்தால் கூலரே ஆவியை நீராக்கும் கலனாகிவிடும். விலை குறைந்த இந்த ஒரு பாகத்தை மாற்றாமல், இஜிஆர் வால்வையும் கூலரையும் மாற்றினால் பிசின் மறுபடி சேரும்.

பிறகு வால்வு ஒழுக்கு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஸ்கேனரில் இஜிஆர் பூஜ்ஜியம் என்று காட்டும்போது, வால்வுக்கு அப்பால் உள்ள குழாயில் அகச்சிவப்பு வெப்பமானியைப் பிடியுங்கள். குழாய் சூடேறினால் வால்வு முழுமையாக மூடவில்லை. கூலருக்கு பைபாஸ் மடல் (புகையைக் கூலருக்குள் விடாமல் திருப்பும் தகடு) இருந்தால், ஸ்கேனரில் கட்டளை கொடுத்து அது அசைகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

கம்ப்ரசர் சக்கரம்

இன்டேக் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லா இறக்கைகளின் முன்விளிம்பிலும் ஊசி குத்தியதுபோல் சீரான குழிகள் இருந்தால் துளி அரிப்பு. ஓரிரு இறக்கைகளில் மட்டும் வெட்டு இருந்தால் வெளிப்பொருள் மோதியது. தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் சிறிது அசைவது இயல்பு, ஆனால் சக்கரம் கூட்டைத் தொடக் கூடாது. முன்னும் பின்னும் கையால் உணரும் அளவுக்கு ஆடினால் டர்போவை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சரிசெய்தல்

தேங்கியதை வடிக்காமல் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். 2 லிட்டர், நான்கு சிலிண்டர், 16:1 கம்ப்ரஷன் கொண்ட எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்ததும் மிஞ்சும் இடம் வெறும் 33 மில்லி. அதைவிட அதிகமான நீர் ஒரே மூச்சில் ஒரு சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளையும். பெட்ரோல் எஞ்சினில் அவ்வளவு தேவையில்லை, சிறிது நீரே ஸ்பார்க்கை அணைத்து மிஸ்ஃபயர் தரும்.

வடித்த பின் இன்டர்கூலரைக் கழற்றி, அதற்குரிய கரைப்பானால் அலசி, சூடான காற்றில் முழுக்க உலர்த்துங்கள். உள்ளே வெண்பொடி தெரிந்தால் அலுமினியம் அரிபடத் தொடங்கியிருக்கிறது. 1 பார் காற்றை ஏற்றி, தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

இன்டர்கூலரின் அடியில் சிறு துளை போடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. பூஸ்ட் குறைவதோடு, பூஸ்ட் இல்லாத நேரத்தில் வடிகட்டாத தூசி அந்தத் துளை வழியே உள்ளே இழுக்கப்படலாம். இஜிஆரைத் தகடு வைத்து அடைப்பதும் தீர்வல்ல. நைட்ரஜன் ஆக்சைடு கூடும், எச்சரிக்கை விளக்கு எரியும், மாசுச் சோதனையில் வண்டி தோற்கும்.

ஓட்டும் பழக்கமும் பார்க்க வேண்டியது. ஐந்து நிமிட ஓட்டங்கள் மட்டுமே உள்ள வண்டிக்கு, வாரம் ஒருமுறை 30 நிமிடமாவது தொடர்ந்து ஓரளவு லோடில் ஓட்டம் கொடுங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் குளிரில், தேங்கிய நீர் பனிக்கட்டியாகி இன்டர்கூலரின் பாதைகளை அடைக்கும். அங்கே வாகனத் தயாரிப்பாளர் தரும் குளிர்காலத் தடுப்பை (குளிர்காற்றைத் தடுக்கும் மறைப்பு) மட்டும் பயன்படுத்துங்கள். கண்டபடி அட்டையால் மூடினால் ரேடியேட்டரும் சேர்ந்து மூடப்படும்.

எல்லாவற்றையும் மறுபடி மாட்டும்போது டிபிஎஃப் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று அளக்கும் அழுத்த வேறுபாட்டு சென்சாரின் குழாய்களைக் கவனியுங்கள். சென்சார் மேலே, குழாய் முழு நீளத்துக்கும் புகைக்குழாயை நோக்கிச் சரிவாக இறங்க வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே நீர் நின்று, நல்ல டிபிஎஃப்பைக்கூட அடைத்துவிட்டதாக ஈசியுவுக்குக் காட்டும். 500 கிலோமீட்டர் ஓடிய பின் அதே கீழ் ஹோஸைத் தளர்த்தி, வரும் நீரின் அளவை முதலில் குறித்ததோடு ஒப்பிடுங்கள். வெறும் எண்ணெய்ப் படலம் மட்டுமே தெரிந்தால் வேலை முடிந்தது.