கரப்புடுப்பு கட்டப் பழக்குதல்: முதல் உடுப்பு

ஈழத்துக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியில் அரசனுக்குக் கட்டும் கரப்புடுப்பை (உள்ளே வளையங்கள் வைத்து, இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும் பாவாடை போன்ற உடுப்பு) பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்கு வாடகைக்கு எடுக்கத்தான் வேண்டுமென்றில்லை. திருகோணமலையில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகளே கட்டலாம். நான்கு பேர் சேர்ந்து ஓர் உடுப்பைக் கட்டும்படி கொடுங்கள். வளையக் கூடு வேறு, மேல்துணி வேறாகச் செய்தால் துணியைக் கழற்றித் தோய்க்கலாம்.

1. அளவு. இடுப்புச் சுற்று 70 செ.மீ., இடுப்பிலிருந்து முழங்கால் 52 செ.மீ. என்று வைப்போம். வளையங்கள் இடுப்புக்குக் கீழே 15, 30, 45 செ.மீ. உயரங்களில் நிற்கும், விட்டம் 45, 60, 75. கடைசி வளையம் முழங்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கட்டும். அதைவிட இறங்கினால் ஆட்டத்தில் கால் தூக்கும்போது முன்பக்கம் கிளம்பிவிடும்.

2. வளையம். சுண்டுவிரலிலும் மெல்லிய பிரம்பை 151, 198, 246 செ.மீ. நீளத்தில் வெட்டுங்கள் (மேலேறிக் கட்ட 10 செ.மீ. சேர்த்தாயிற்று). இரண்டு மூன்று மணித்தியாலம் தண்ணீரில் ஊறட்டும்; காய்ந்த பிரம்பை வளைத்தால் வெளிப்பக்கம் பிளக்கும். முனைகளைச் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து நூலால் வரியுங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்தபின் மறுபடி வரிய வேண்டும், ஏனெனில் பிரம்பு சுருங்கக் கட்டுத் தளரும். கம்பி சுலபம்தான், ஆனால் வியர்வையிலும் கடற்காற்றிலும் துருப்பிடித்துத் துணியில் கறை விடும், ஒருமுறை நெளிந்தால் நிமிராது.

3. கூடு. 75 செ.மீ. நீளத்தில் எட்டுப் பருத்தி நாடா. இடுப்புப் பட்டியில் சம இடைவெளியில் தைத்து, 19, 17, 17 செ.மீ. விட்டு (நாடா சரிவாக இறங்குவதால் 15 போதாது) வளையங்களைக் குறுக்காகக் கட்டுங்கள். முடிச்சுகளை ஊசியால் தைக்காவிட்டால் வழுக்கும். கூடு ஒருபக்கம் சாயும்.

4. ஆடிப் பார்த்தல். துணி போடுமுன் கூட்டை மட்டும் கட்டி, தாளத்துக்கு ஆடவிடுங்கள்: சுழன்று, குந்தி, கால் தூக்கி. அசையாமல் நிறுத்திப் பார்த்தால் எந்த உடுப்பும் சரியாகத்தான் தெரியும். சுழலும்போது பட்டி நழுவினால், முதுகில் குறுக்காக இரண்டு தோள்பட்டி வையுங்கள், மேற்சட்டை மறைக்கும்.

5. துணி. 112 செ.மீ. அகலப் பொப்லின் மூன்றரை மீற்றர். உயரம் 74 செ.மீ. நேராக அளந்து 60 செ.மீ. வெட்டுவதுதான் புதியவர் விடும் பிழை. துணி கூட்டின் சரிவில் இறங்குவதால் கூடுதலாக வேண்டும். மடிப்பும் அதற்குள் அடங்கும். மேல்விளிம்பில் நாடா கோத்துச் சுருக்குங்கள். வெட்டி மிஞ்சிய பட்டை இடுப்புப் பட்டிக்கு உதவும்.

சரிகையையும் கண்ணாடித் துண்டுகளையும் தைத்தே பிடியுங்கள். பசை வியர்வையில் விடும், உதிர்ந்த கண்ணாடி வெறுங்காலில் ஏறும்.