டர்போ வண்டியில் வேக்கம் ஓஸ் மாற்றுவது: எந்த இடத்துக்கு எந்த ரப்பர்?

ஆனி, ஆடி மாதங்களில் வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு முப்பந்தல் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கணவாய் வழியாக வரும் மேல்காற்று நேரே முகத்தில் அடிக்கும். போன ஆடியில் என் டீசல் கார் அங்கே நான்காம் கியரில் திணறியது. காற்றின் வேலை என்று நினைத்து மூன்றுக்கு இறக்கி ஓட்டி வந்தேன். மறுநாள் தக்கலை போகும்போது காற்றே இல்லை. இழுவையும் இல்லை.

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ போய்விட்டது என்ற பயத்தில் பட்டறைக்குப் போனால், மேஸ்திரி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "டர்போவுக்கு ஒண்ணும் இல்ல மக்களே, காத்து குடிக்கு" என்றார். பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு ஓஸ் வளைவில் வெடித்திருந்தது. என் வண்டியில் டர்போவின் ஆக்சுவேட்டரை (உள்ளே இருக்கும் இறகுகளை அசைக்கும் பாகம்) இழுப்பது வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சும் வெற்றிடம்தான். அது கசிந்தால் அந்த இறகுகள் திறந்தபடியே நிற்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது (குறைந்த ஆர்.பி.எம்.மில்) பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தம், வராது.

ஓஸ்தானே என்று நானே மாற்றினேன். இரண்டு முறை தப்பாக மாற்றினேன்.

கழற்றுவது. போட்டோ எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இறுகிப்போன ஓஸைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளேடால் நீளவாக்கில் கீறி உரியுங்கள். வேக்கத்தை மின்சாரத்தால் கட்டுப்படுத்தும் சோலனாய்டு வால்வின் பிளாஸ்டிக் நிப்பிள் (ஓஸைச் செருகும் முனை) பட்டென்று ஒடியும். எனக்கு ஒடிந்தது. ஓஸின் விலை சில நூறு, வால்வின் விலை சில ஆயிரம்.

அளப்பது. பழைய ஓஸின் முனை விரிந்திருக்கும், அதை அளந்து பயனில்லை. நிப்பிளின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, அதைவிட அரை மில்லிமீட்டர் சிறிய உள்விட்டம் கேளுங்கள். நிப்பிள் 4 மி.மீ. என்றால் ஓஸ் 3.5.

ரப்பரைத் தேர்வு செய்வது. நான் சறுக்கிய இடம் இதுதான். நீல நிறத்தில் பளபளவென்று சிலிக்கான் ஓஸ் கிடைத்தது. 200 டிகிரி வரை தாங்கும் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் ஓஸின் சுவர்த் தடிமன் 1 மி.மீ.தான் இருந்தது. பூஸ்ட் ஓஸை உள்ளிருந்து தள்ளும். வேக்கம் உள்ளே சப்பும். சூடேறியதும் வளைவில் ஓஸ் அப்பளம்போல் ஒட்டிக்கொண்டது. வண்டி குளிர்ந்திருக்கும்போது நன்றாக இழுக்கும், பத்து கிலோமீட்டர் போனதும் இழுக்காது. ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். சிலிக்கான் போடுவதென்றால் சுவர் குறைந்தது 2 மி.மீ., முடிந்தால் 3 இருக்கட்டும்.

இரண்டாவது தப்பு, மிச்சமிருந்த சிலிக்கானை எண்ணெய் ஆவி வரும் பிரீதர் லைனில் போட்டது. சிலிக்கானுக்குச் சூடு ஒத்துக்கொள்ளும். எண்ணெய், பெட்ரோல் ஒத்துக்கொள்ளாது. உப்பிப்போய் இரண்டே மாதத்தில் நழுவி விழுந்தது.

இ.பி.டி.எம். ரப்பரும் இதே கதைதான். 130 டிகிரிவாக்கில் தாங்கும், வெயிலுக்கு வெடிக்காது, விலையும் குறைவு, ஆனால் எண்ணெய் பட்டால் ஊதும். நைட்ரைல் ரப்பரை எண்ணெய் ஒன்றும் செய்யாது. ஆனால் 100 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் வைத்தால் இறுகும், ஓசோனில் கீறல் விடும். எஃப்.கே.எம். என்ற ரப்பர் சூடு, எண்ணெய் இரண்டையும் தாங்கும், பர்ஸ்தான் தாங்காது. டர்போவை ஒட்டி ஓடும் துண்டுக்கும் எண்ணெய்ப் பசை படும் இடத்துக்கும் மட்டும் அதை வாங்கினேன். மற்ற சுத்தமான லைன்களுக்குத் தடித்த இ.பி.டி.எம். போதும். துணி சுற்றிய ஓஸ் எனக்குப் பிடிக்காது, உள்ளே வெடித்தாலும் வெளியே தெரியாது.

குலசேகரம் பக்கம் ஒரு நண்பர், "நம்ம ஊர்ல இல்லாத ரப்பரா?" என்று சிரித்தார். சிரட்டையில் வடியும் பாலில் வரும் இயற்கை ரப்பர் டயருக்கு அருமை. எஞ்சின் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் ஓசோனுக்கும் மூன்றுக்குமே அது ஆகாது.

சந்தையில் விற்கும் கறுப்பு ஓஸ்களில் பாதிக்குப் பெயரே இருக்காது. ஒரு அங்குலத் துண்டை வெட்டி, வெளிவிட்டத்தை அளந்து, எஞ்சின் ஆயிலில் இரண்டு நாள் ஊறப் போடுங்கள். நான் போட்டது சிரட்டையில்தான். திரும்ப அளந்து பார்த்து, உப்பியிருந்தால் எண்ணெய் லைனுக்கு வேண்டாம்.

பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஓஸில் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். அதற்குக் கம்பெனி ஓஸையே வாங்குங்கள்.

சோதிப்பது. கையால் இழுக்கும் வேக்கம் பம்ப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். ஆக்சுவேட்டர் ஓஸில் செருகி இழுத்தால் தண்டு அசைய வேண்டும். பிடித்து வைத்திருக்கும் வரை அங்கேயே நிற்கவும் வேண்டும். மெல்லத் திரும்பினால் எங்கோ கசிவு இருக்கிறது. இழுப்பதோடு நிறுத்துங்கள், ஊதிவிடாதீர்கள்.

பின்சேர்க்கை 1: மீன் தொட்டி டியூப் போடலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். அது பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். எஞ்சின் சூட்டில் இளகிவிடும்.

பின்சேர்க்கை 2: குளச்சல் வாசகர் ஒருவருக்கு ஓஸ் கிளிப் உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் துருப்பிடித்ததாம். கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ் போடுங்கள். அல்லது சின்ன லைன்களுக்குக் கிளிப்பே வேண்டாம், அளவு சரியாக இருந்தால் தானே பிடித்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை 3: இது எனக்கே தெரியாமல் இருந்தது. மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் எல்லா ஓஸையும் புதிதாக மாற்றியும் பூஸ்ட் ஏறி இறங்கி ஆடியிருக்கிறது. பழைய ஓஸ் ஒன்றுக்குள் ஊசித்துளை போட்ட சின்னப் பித்தளைக் குமிழ் இருந்திருக்கிறது. காற்றோட்டத்தை மட்டுப்படுத்த வைத்தது அது. ஓஸோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டார். எனவே பழைய ஓஸ்களை விரலால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் எடுத்துப் புதியதில் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்துச் செருகுங்கள். அவர் கடைசியில் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடி எடுத்துவிட்டார்.