சோழமண்டலத்தில் அரை நாள்: சிங்கப்பூரிலிருந்து செல்வோருக்கு

சென்னைக்குப் போகும் நம்மவர்கள் தி.நகருக்கு ஒரு நாள், மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் என ஒதுக்குகிறார்கள். மாமல்லபுரம் போகிற வழியிலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது சோழமண்டலம் ஓவியர் கிராமம். போகிற போக்கில் கால் மணி நேரம் எட்டிப் பார்த்தால் ஒன்றும் மனத்தில் நிற்காது. வாரநாள் காலை ஒன்றை இதற்கென்றே வையுங்கள். சனி, ஞாயிறு என்றால் அந்தச் சாலையில் காலையில் போகும் பக்கமும் மாலையில் திரும்பும் பக்கமும் வண்டிகள் நகராது.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் மழையும் கொசுவும் இருக்கும். கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள். ஜூனில் வெயில் கொளுத்தும். தோட்டத்துச் சிற்பங்களைக் காலையிலேயே பார்த்துவிட்டுப் பிறகு உள்ளே போவது நல்லது. அழைப்பு வண்டியில் போனால் திரும்புவதற்கும் அப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நுழைவுச் சீட்டுக்கும் தேநீருக்கும் சில்லறை நோட்டுகள் வேண்டும்.

சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தம் மாணவர்களுடன் தொடங்கிய ஊர் இது. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் நிலம் வாங்கி, கடலோரத்தில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அந்தத் தலைமுறையின் படைப்புகள் 2009இல் திறந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சிட்டி ஹாலில் உள்ள நம் தேசியக் கலைக்கூடத்தின் அளவை எதிர்பார்க்காதீர்கள். இடம் சிறியது, கூட்டமும் குறைவு. அதுதான் இதன் அருமை. எல்லாவற்றையும் பார்க்க நினைக்காமல் ஐந்தாறு படைப்புகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் முன்னும் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியம் கண்ணில் பட்டால், நம் கண் தானாகவே எழுத்துக்கூட்டத் தொடங்கும். மலையாளம் போலத் தெரியும், ஜாதகக் கட்டம் தெரியும், கணக்குக் குறிகளும் தெரியும். படிக்க வராது; படிப்பதற்காக எழுதியதும் அல்ல. நாலடி பின்வாங்கி முழுப் பரப்பையும் பாருங்கள். பிறகு கை நீளத் தொலைவுக்கு வந்து கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று கவனியுங்கள்.

உலோகச் சிற்பங்களில் எஸ். நந்தகோபாலின் படைப்புகளைத் தவறவிடாதீர்கள். கோயிலில் சாமிக்குச் சார்த்தும் கவசமும் பின்னால் நிற்கும் திருவாசியும் போல அவை முன்முகம் காட்டி நிற்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தகட்டை அடித்த சுவடும் பற்றவைத்த தழும்பும் தெரியும். தொடக் கூடாது, விரலின் வேர்வை செம்பைக் கறுக்கவைக்கும். படம் எடுக்குமுன் கேளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.

வாங்க ஆசைப்பட்டால் ஓவியரின் பெயர், ஆண்டு, விலை எழுதிய ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. புதிய உலோகச் சிற்பமும் பழசுபோலத் தோன்றினால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்டதை வாங்கினால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெறவேண்டும். கடைசி நாளில் வாங்காதீர்கள்.

வாங்கிக் கொண்டுவரும் பொருளுக்குச் சாங்கி விமான நிலையத்தில் ஜிஎஸ்டி வரி 9 விழுக்காடு. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியில் இருந்தவர்களுக்கு 500 வெள்ளி வரை விலக்கு உண்டு, குறைவாக இருந்தால் 100 வெள்ளி. வேலை அனுமதி, மாணவர் அனுமதிச் சீட்டில் வசிப்போருக்கு இந்தச் சலுகை கிடையாது.

கித்தானை (கேன்வாஸை) மரச்சட்டத்திலிருந்து கழற்றித்தான் கொண்டுவர வேண்டுமென்றால், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் தளர்வாகச் சுற்றச் சொல்லுங்கள். உள்பக்கமாக இறுக்கிச் சுற்றினால் வண்ணம் நசுங்கி வெடிக்கும். அண்மையில் தீட்டிய எண்ணெய் ஓவியத்தைச் சுற்றவே கூடாது. மேலே உலர்ந்தாலும் உள்ளே ஈரம் மாதக்கணக்கில் இருக்கும். வீடு வந்ததும் அன்றே பிரித்து விரித்துவையுங்கள். நம்மூர் ஈரப்பதத்தில் குழாய்க்குள் சில வாரம் கிடந்தாலே பூசணம் பிடித்துவிடும்.