பிரிட்டனுக்குப் புதிதா? முதலில் பிடிபட வேண்டிய ஆங்கிலத் தொடர்கள்

ஊரில் வாங்கி வரும் மரபுத்தொடர்ப் புத்தகங்களில் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' கட்டாயம் இருக்கும். மழை கொட்டும்போது இங்கே அதை யாராவது சொல்லிக் கேட்பது அபூர்வம். அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, தப்பாகப் புரிந்தால் நஷ்டம் வரும் இடங்களில் தொடங்குங்கள்: டாக்டர், நேரம், வேலை.

டாக்டரிடம்தான் அதிகம் குழம்பும். 'சர்ஜரி' என்பது பெரும்பாலும் ஜிபியின், அதாவது குடும்ப டாக்டரின், கிளினிக்; 'சர்ஜரிக்கு வாருங்கள்' என்று ரிசப்ஷனில் சொன்னால் ஆபரேஷன் என்று பதறாதீர்கள். காய்ச்சல், உடம்பு வலி எதுவானாலும் 'ஐ ஃபீல் சிக்' என்று சொல்வது நம் வழக்கம். இங்கே அது குமட்டல். 'ஐ வாஸ் சிக் ட்வைஸ்' என்றால் இரண்டு முறை வாந்தி எடுத்ததாகக் குறித்துக்கொள்வார்கள், விசாரணையும் வயிற்றுப் பக்கம் போய்விடும். உடம்பு சரியில்லை என்பதற்கு 'அன்வெல்' போதும். உடம்புக்கு முடியாமல் வேலைக்கு லீவு போட்டிருப்பது மட்டும் 'ஆஃப் சிக்'.

'ஹேவ் யூ ஓப்பன்ட் யுவர் பவல்ஸ்?' என்றால் மலம் கழித்தீர்களா என்று கேட்கிறார்கள். 'பாசிங் வாட்டர்' சிறுநீர் கழிப்பது. 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' கை கால் மரத்துப்போய்ச் சுருக் சுருக்கென்று குத்துவது; சாதாரண வலிக்கு அதைச் சொல்லாதீர்கள். 'பூர்லி' என்பதைச் சளி பிடித்த குழந்தைக்கும் சொல்வார்கள், ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்து உங்கள் அப்பா 'வெரி பூர்லி' என்றால் நிலைமை மோசம், உடனே கிளம்புங்கள். மொழி தடையாக இருந்தால் அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

நேரத்தில் 'ஹாஃப் ஃபைவ்' என்றால் ஐந்தரை. ஜெர்மனி, சுவிஸ், நார்வேயில் இருந்துவிட்டு இங்கே வரும் ஈழத்தமிழர்கள் கவனிக்கவும்: அங்கே அதே அமைப்பு நாலரையைக் குறிக்கும். 'டியூஸ்டே வீக்' என்பது வரும் செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய். மீட்டிங்கை 'ப்ராட் ஃபார்வர்ட்' என்றால் முன்கூட்டியே வைத்துவிட்டார்கள், 'புட் பேக்' என்றால் தள்ளிப் போட்டுவிட்டார்கள். நம் 'ப்ரீபோன்' இங்கே பலருக்குப் புரியாது.

அதே போல நம்மூர் ஆங்கிலத்தில் சிலவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2018' என்று இன்டர்வியூவில் சொன்னால் 2018-இல் மயங்கி விழுந்தீர்கள் என்று பொருள். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்பது உங்களை நம்பவில்லை என்பது போலக் கேட்கும். 'கொஸ்டின்' என்றால் பிரச்சினை இல்லை.

வேலையிடத்தில் சொல்லுக்கும் அர்த்தத்துக்கும் இடையே தூரம் கூடும். 'நாட் பேட்' நல்ல பாராட்டாகவே இருக்கலாம். 'கொய்ட் குட்' பல நேரம் 'பரவாயில்லை' அளவுதான். 'யூ மைட் வான்ட் டு செக் திஸ்' என்று மேனேஜர் சொன்னால் அது யோசனை அல்ல, செய்தே ஆக வேண்டும். 'ஐ வில் பேர் இட் இன் மைண்ட்' பெரும்பாலும் நாசூக்கான மறுப்பு. 'சாக்ட்', 'மேட் ரிடன்டன்ட்' இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள்: முதலாவது ஆளை வேலையிலிருந்து நீக்குவது, இரண்டாவது அந்த வேலையே இல்லாமல் போவது. பின்னதில், ஒரே நிறுவனத்தில் 2 ஆண்டுகள் ஊழியராக இருந்திருந்தால் பொதுவாகச் சட்டப்படி இழப்பீடு உண்டு.

புதிய தொடர் காதில் விழுந்தால் வார்த்தையை மட்டும் எழுதாதீர்கள். யார், யாரிடம், என்ன குரலில் சொன்னார் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். பலரிடம் கேட்கும் வரை நீங்களாக அதைப் பயன்படுத்த வேண்டாம்; ஒரு சொல் மாறினாலே சிரிப்பாகிவிடும். புரியாதபோது தலையாட்டிவிட்டு வந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. 'சாரி, வாட் டு யூ மீன் பை தட்?' என்று கேட்பது இங்கே மரியாதைக் குறைவல்ல. நேரம், பணம், மருந்து அளவு என்றால் புரிந்தாலும் எண்ணாகத் திருப்பிச் சொல்லுங்கள்: 'ஸோ தட்ஸ் டியூஸ்டே த ஃபோர்டீன்த், ஃபைவ் தர்ட்டி?'