பரவைக்கடலில் இலகு தூண்டிலும் ஜிக்கும்: வள்ளக்காரருடன் ஒரு காலை

மெல்லிய றொட் (தூண்டில் கோல்), சிறிய றீல் (நூல் சுற்றும் உருளை), சில கிராம் எடையுள்ள ஜிக் (தலையில் ஈயம் வைத்த தூண்டில் முள்) ஆகியவற்றைக் கொண்டு மீன்பிடிக்கும் முறை குளிர்ந்த ஆறுகளில் வாழும் ட்ரவுட் மீனைப் பிடிப்பவர்களிடையே மிகவும் பழக்கமானது. இலங்கையில் அந்த மீன் பிரித்தானியர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட மலைநாட்டு ஓடைகளிலேயே வாழ்கிறது; நம் வெதுவெதுப்பான உவர்நீரில் அது பிழைக்காது. ஆயினும் அந்த முறை யாழ்ப்பாணப் பரவைக்கடலுக்கு, அதாவது ஆழம் குறைந்த களப்புக்கு, நன்றாகப் பொருந்துகிறது. இங்கே பல இடங்களில் ஆழம் 2 மீற்றருக்கும் குறைவு, காற்று அடங்கிய காலத்தில் நீர் தெளிவு, பாரையும் சீலாவும் கொடுவாவும் கலவாயும் துரத்தும் இரையோ சின்னஞ்சிறு இறாலும் மீன்குஞ்சும்தான். ஒட்டி, ஓரா, திரளி ஆகியவற்றை நினைத்து ஜிக் எறிய வேண்டாம். தாவரமும் பாசியும் மேயும் அந்த மீன்களுக்கு வலையும் கூடுமே ஏற்றவை.

வழிகாட்டியாக வருபவர் பரவைக்கடலில் தொழில் செய்பவராக இருக்க வேண்டும் என்பதை நான் எல்லாவற்றுக்கும் முதலாக வைக்கிறேன். குருநகர், பாசையூர், நாவாந்துறை, காக்கைதீவு, மண்டைதீவு போன்ற இடங்களின் வள்ளக்காரர்களுக்கு எங்கே சாதாழை (கடற்புல்) முடிந்து வெறும் மணல் தொடங்குகிறது, எங்கே வாய்க்கால்போல ஆழம் ஓடுகிறது, எவருடைய சிறகுவலை (கம்புகள் நட்டுக் கட்டிய வலை) எங்கே நிற்கிறது என்பதெல்லாம் மனப்பாடம். எந்தக் கருவியும் அந்த அறிவுக்கு ஈடாகாது. முதல் நாளே துறைக்குச் சென்று, “அண்ணை, வலை இல்லாமல் தூண்டிலோடுதான் வாறம், எஞ்சினை நிறுத்திப்போட்டு கோலூன்றிப் போகவேணும்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வலைக்காரரின் வேகத்துக்கும் தூண்டில்காரரின் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை முன்கூட்டியே பேசிக்கொண்டால் வள்ளத்தில் மனத்தாங்கல் வராது. கூலியைப் பேசும்போது எண்ணெய்ச் செலவோடு அவர் அன்று இழக்கும் மீன்பாட்டின் பெறுமதியையும் சேர்த்துக் கணக்கிடுவதே நியாயம். கத்தோலிக்கர் பெருமளவில் வாழும் துறைகளில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு வருமாறு கேட்பது முறையன்று. நீந்தத் தெரிந்தவராயினும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏற வேண்டாம்.

றொட் ஆறரை முதல் ஏழு அடி நீளமுடையதாகவும், 3 முதல் 12 கிராம் வரை எறியக்கூடியதாகவும், நுனி மெதுவாகவும் அடிப்பகுதி உறுதியாகவும் அமைந்ததாகவும் இருக்கட்டும். 2000 அல்லது 2500 அளவுள்ள ஸ்பின்னிங் றீல் போதும். அதில் 8 முதல் 10 இறாத்தல் தாங்கும் பின்னல் நூலைச் சுற்றுங்கள். தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) இழுபடும் தன்மையுடையது. மீன் மெல்லத் தொடுவதைக் கைக்குக் கொண்டுவராது. ஆனால் பின்னல் நூல் சிப்பியிலும் கல்லிலும் உரசினால் உடனே அறுந்துவிடும் என்பதால், முனையில் 15 இறாத்தல் அளவிலான புளூறோகார்பன் நரம்பை ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளத்துக்கு முடிந்துகொள்ள வேண்டும். சீலா மிகுந்த இடமாயின் இன்னும் தடித்த நரம்பு தேவை. ஜிக்கை இறுக்கிக் கட்டாமல் சிறு கண்ணியாக முடிந்தால் அது நீருக்குள் தாராளமாக அசையும்.

ஆழம் குறைந்த சாதாழைப் பரப்புக்கு 3 முதல் 5 கிராம், பாலத்தடி நீரோட்டத்துக்கு 7 முதல் 10 கிராம் ஜிக் பொருந்தும். அதன் முள்ளில் இரண்டு, மூன்று அங்குல இறப்பர் வால்களைச் செருகுங்கள். தெளிந்த நீருக்கு இறாலைப் போன்ற மங்கல் நிறமும், கலங்கிய நீருக்கு வெள்ளை அல்லது மஞ்சளும் என் தெரிவு. வால்களைச் சற்று அதிகமாகவே எடுத்துச் செல்லுங்கள். பேத்தை மீன்கள் கூட்டமாக வந்தால் வால்களைக் கத்தரித்துத் தள்ளிவிடும், அப்போது இடத்தை மாற்றுவதே ஒரே வழி.

சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்குவதற்கு முன்னரான மாசி, பங்குனி, சித்திரை மாதங்களின் அதிகாலை மிகச் சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் நீர் கலங்கி உப்புக் குறைந்திருக்கும். நம் பரவைக்கடலில் வற்றும் பெருக்கும் சிறியவை. காற்று நீரைத் தள்ளுவது பல நாள்களில் நிலவின் இழுப்பைவிட வலிது. ஆகவே நாட்காட்டியை மட்டும் நம்பாமல், காற்று எந்தத் திசையில் எத்தனை நாளாக வீசுகிறது என்று வள்ளக்காரரிடம் கேளுங்கள். பண்ணைப் பாலம், சங்குப்பிட்டிப் பாலம் போன்ற ஒடுங்கிய வாயில்களில் நீர் ஓடத் தொடங்கும் வேளையில், ஓட்டத்தின் ஓரத்தில் தேங்கிச் சுழலும் பகுதியில் மீன் இரைக்காகக் காத்திருக்கும்.

இனி எறியும் விதம். வள்ளத்தைக் காற்றுக்கு மேற்புறம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காற்றோடு மெல்ல நகர விட்டு, சாதாழையும் மணலும் சந்திக்கும் விளிம்புக்குக் குறுக்காக எறியுங்கள். ஜிக் நீரில் விழுந்தவுடன் றீலின் வளையத்தை மூடி, நூல் மிகவும் தளர்ந்துவிடாமலும் விறைத்துவிடாமலும் பார்த்துக்கொண்டு தரையைத் தொடும்வரை விடுங்கள். பின் மணிக்கட்டால் றொட்டை ஓர் அடி உயர்த்தி, மீண்டும் தாழ்த்தும்போது அந்தத் தளர்ச்சியை மட்டும் சுற்றி எடுங்கள். மீன் கவ்வுவது பெரும்பாலும் ஜிக் கீழிறங்கும் அந்தச் சிறு பொழுதில்தான். ஆகவே கண் நூலின்மீது இருக்க வேண்டும். நூல் பக்கவாட்டில் அசைந்தாலோ, தரையைத் தொடவேண்டிய நேரத்துக்கு முன்னரே நின்றுவிட்டாலோ, தாமதிக்காமல் றொட்டை உயர்த்துங்கள். புதிதாகப் பழகுபவர்கள் அநேகமாக விரைவாகச் சுற்றுகிறார்கள். அவர்களை மெதுவாக்குவதே வழிகாட்டுபவரின் முதல் வேலை. சாதாழை ஜிக்கின் முள்ளில் தொடர்ந்து சிக்கினால் எடையைக் குறைத்து, தரையைத் தொடவிடாமல் அதற்கு மேலாக நீந்தச் செய்யுங்கள். சீலாவும் பாரையும் வேகமான அசைவையும் விரும்பும் என்பதால், நீர்ப்பரப்பில் குஞ்சுகள் சிதறிப் பாய்ந்தால் மட்டும் வேகத்தைக் கூட்டலாம்.

சிறகுவலைக் கம்புகளைச் சுற்றி மீன் நிற்கும் என்பது உண்மைதான். ஆனாலும் அங்கே எறியக்கூடாது. ஒரு முள் சிக்கினால் கிழிவது இன்னொருவரின் சீவியம்.

றீலின் இறுக்கத்தை நூலின் தாங்குவலுவில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாமல் முன்னரே திருகி வைத்தால், பெரிய பாரை ஓடும்போது நூல் தானாக வெளியேறி அறாமல் நிற்கும். கொடுவா துள்ளும்போது றொட்டின் நுனியைத் தாழ்த்துங்கள். பிடித்த மீனைச் சிறு வலைத்தொட்டியால் ஏந்தி, தூண்டில் முள்ளை இடுக்கியால் கழற்றுங்கள். ஓராவின் முள்ளும் திருக்கையின் வால் முள்ளும் நஞ்சுடையவை; குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும், அதன் பின் மருத்துவமனைக்குச் செல்வதே பாதுகாப்பு. பேத்தையை எவருக்கும் சமைக்கக் கொடுக்காதீர்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது. குஞ்சுக் கலவாயையும் குஞ்சுக் கொடுவாவையும் ஈரக்கையால் பிடித்து நீரிலேயே விட்டுவிடுங்கள்.

கரைக்கு வந்ததும் றொட்டையும் றீலையும் நன்னீரால் மெதுவாகக் கழுவித் துடையுங்கள். குழாயைப் பலமாகத் திறந்து அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். பயன்படுத்திய ஜிக்குகளைப் புதியவற்றோடு சேர்க்காமல், கழுவி உலர்த்திய பிறகே பெட்டியில் வையுங்கள். ஒன்றில் பிடித்த துரு எல்லாவற்றுக்கும் பரவும்.